போக்கர் மேசையில் ஒரு நாள்

சூதாட்டம் என்றதும் எமக்கு முதலில் ஞாபகம் வருபவள் பாஞ்சாலி. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கதை படிக்கப்பட்டு, வனவாசம் போய், தீமிதிப்புடன் பதினெட்டாம் நாள் நிறைவுறுவதைக் கிழக்கிலுள்ள வாசகியர் நன்கு அறிவர். அந்தக் கதையில் ஆடியவர்கள் ஆண்கள். பந்தயப் பொருளாக வைக்கப்பட்டவள் பெண். தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னை வைக்க என்ன உரிமை என்று சபையில் கேட்டவளும் அவள்தான். அவளுக்கு நேரான பதில் சொன்னவர்கள் அங்கே மிகச் சிலரே.

இக்கட்டுரை, பந்தயப் பொருளாக அல்லாமல் தானே மேசையில் அமர்ந்து காட்ஸ் ஆடிய பெண்களைப் பற்றியது. வாசகியரில் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்பது தெரியும். காட்ஸ் மேசையில் குடும்பத்தைத் தொலைத்த ஆண்களையும், தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனதை மூன்று மாதம் கழித்து அறிந்த மனைவியரையும் என் வேலையில் சந்தித்திருக்கிறேன். இப்போது சூதாட்டம் கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. மேசையும் தேவையில்லை, கூட ஆட ஆளும் தேவையில்லை. ஆகவே இதை யாரும் ஒரு சிபாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருந்தும் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஜூலையில் ஒரு செய்தி வாசித்தேன். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டியில் அம்முறை 9,735 பேர் பங்குபற்றினர். ஏனைய எல்லோரும் தோற்று வெளியேறியபின் கடைசி ஒன்பது பேர் அமரும் இறுதி மேசையில் ஒரு பெண் இருந்தார். ஸ்பெயினின் பார்சிலோனாவைச் சேர்ந்த லியோ மார்கெட்ஸ். அதற்கு முன் இந்தப் போட்டியின் இறுதி மேசையில் ஒரு பெண் அமர்ந்தது 1995இல்.

1995 என்றால் எமக்கு யாழ்ப்பாண இடப்பெயர்வு. அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். அவ்வளவு காலம் ஒரு கதிரைக்குப் பெண் வராமல் இருந்தது ஏன் என்று அறியத்தான் முதலில் தேடினேன். தேடப்போய் வேறொரு விடயத்தில் வந்து நின்றேன்.

ஆட்டம்

எமது பக்கத்தில் காட்ஸ் என்றால் 304. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. கூட்டினால் ஒரு வகைக்கு 76. நான்கு வகைக்கும் 304. வாசிகசாலைத் திண்ணையிலும் செத்தவீட்டுப் பந்தலிலும் ஆண்கள் விடியவிடிய ஆடுவதைத் தேநீர் கொடுக்கப் போய்ப் பார்த்தே அதைக் கற்றுக்கொண்ட பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போக்கரை விளங்கப்படுத்துவது சுலபம்.

போக்கரில் 52 காட்ஸும் உண்டு. ஆசுதான் பெரியது. துரும்பு இல்லை. எதிரே இருப்பவர் கூட்டாளி அல்ல. மேசையில் இருக்கும் எல்லோரும் எதிராளிகள். பெரிய சுற்றுப்போட்டிகளில் ஆடப்படும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு காட் மறைவாகக் கொடுக்கப்படும். பின்னர் ஐந்து காட் எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கப்படும்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக இன்னொன்று. கையிலுள்ள இரண்டையும் மேசையிலுள்ள ஐந்தையும் சேர்த்துச் சிறந்த ஐந்து யாருடையதோ அவர் வெல்வார். சோடி ஒன்றிலும் பார்க்க இரு சோடி பெரிது, இரு சோடியிலும் மூன்று ஒரேமாதிரி பெரிது என்று அது போகும்.

காட்ஸ் திறக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம், கூட்டலாம், அல்லது கையை விட்டுவிடலாம். மற்ற எல்லோரும் விட்டுவிட்டால் கடைசியாக நிற்பவர் தன் காட்ஸைக் காட்டாமலே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். கையில் ஒன்றுமில்லாதவரும் இருப்பதுபோல் காட்டி வெல்லலாம் என்பது இதனால்தான்.

வீட்டைக் கெடுக்கும் சூதாட்டத்துக்கும் சுற்றுப்போட்டிக்கும் ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. சுற்றுப்போட்டியில் மேசையில் இருப்பது பணம் அல்ல. நுழைவுக் கட்டணம் கட்டியவருக்கு வட்ட வில்லைகள் கொடுக்கப்படும். அவற்றைக் கடையிலும் மாற்ற முடியாது, காசாளரிடமும் மாற்ற முடியாது. எல்லோருக்கும் ஒரே அளவு. வில்லை முடிந்தால் எழுந்து போக வேண்டும். இந்தப் பிரதான போட்டியில் காசைக் கட்டித் திரும்ப உள்ளே வரவும் இயலாது. ஆகவே எவ்வளவுதான் கெட்டாலும் கட்டிய கட்டணத்துக்கு மேல் இழப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று விடியும்வரை கடன் வாங்கி ஆடுபவனுக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது.

எல்லை உண்டு என்பதால் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். பிரதான போட்டியின் கட்டணம் பத்தாயிரம் அமெரிக்க டொலர். 2025இன் நாணயமாற்றில் ஏறத்தாழ முப்பது இலட்சம் ரூபா. ஏழில் ஒருவருக்கே பணப்பரிசு கிடைக்கும். மீதி ஆறு பேரும் வெறுங்கையுடன் திரும்புவர். ஆடுபவர் பலர் முழுக் கட்டணத்தையும் தாமே போடுவதில்லை. தெரிந்தவர்களிடம் பங்கு விற்கிறார்கள். நூற்றுக்கு இவ்வளவு நீ போடு, வென்றால் நூற்றுக்கு அவ்வளவு உனக்கு என்ற ஒப்பந்தம். நம்பிக்கையின் பேரில் காசு சேர்ப்பது சீட்டுப் பிடிக்கும் எமது பெண்களுக்குப் புதிதல்ல. சீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை கை வரும், இங்கே வராது.

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் இணையத்தில் 86 டொலர் கட்டணத்தில் நடந்த ஒரு தகுதிச் சுற்றில் வென்று இந்தப் போட்டிக்குள் வந்து, 25 இலட்சம் டொலர் பரிசுடன் போனார். அவ்வருடம் ஆடியவர்கள் 839 பேர். 2006இல் 8,773 பேர். ஒருவர் வென்ற கதை ஊரெல்லாம் பரவும். அந்த மற்ற ஆயிரக்கணக்கானோர் கட்டிய காசின் கதையை யாரும் சொல்வதில்லை.

நண்பகல் முதல் நள்ளிரவு வரை

நான் அந்த மண்டபத்தில் கால் வைத்தவள் அல்ல. ஒளிபரப்புகளைப் பார்த்தும், ஆடியவர்கள் எழுதியவற்றை வாசித்தும் அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

ஜூலையில் லாஸ் வேகாஸ் பாலைவனம் நாற்பது பாகைக்கு மேல் கொதிக்கும். மண்டபத்துக்குள் குளிர். அனுபவப்பட்டவர்கள் கம்பளிச் சட்டையோடு வருவார்கள். எங்கே அமர்வது என்பதைக் குலுக்கலே தீர்மானிக்கும். மேசைக்கு ஒன்பது பேர். நூற்றுக்கணக்கான மேசைகளிலும் வில்லைகளை விரல்களுக்குள் உருட்டும் ஓசை சில்வண்டுக் கூட்டம்போல் ஓயாது கேட்டுக்கொண்டிருக்கும். நண்பகலளவில் அறிவிப்பு வரும், ஆட்டம் தொடங்கும். ஒவ்வொருவர் முன்னாலும் 60,000 பெறுமதியான வில்லைகள்.

இரண்டு மணித்தியாலம் கொண்டது ஒரு கட்டம். முதல் நாளில் ஐந்து கட்டங்கள். நடுவில் இருபது நிமிட இடைவேளைகளும் இராச்சாப்பாட்டுக்கு ஒரு நீண்ட இடைவேளையும் உண்டு. முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும்.

பார்க்க வருபவருக்கு இது மிகவும் சலிப்பான காட்சி. நன்றாக ஆடுபவர் பெரும்பாலான கைகளை எடுத்துப் பார்த்ததும் விட்டுவிடுகிறார். ஐந்து தடவை காட்ஸ் வந்தால் நான்கு தடவை கீழே வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார். உண்மையில் சும்மா இருப்பதில்லை. யார் வில்லையை எப்படி வைக்கிறார், யாருடைய கை நடுங்குகிறது, யார் கோபத்தில் ஆடுகிறார், யார் வீட்டுக்குப் போக அவசரப்படுகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்து மணித்தியாலத்தில் ஒருவருடைய விதியைத் தீர்மானிப்பவை மூன்று நான்கு கைகள்தான். அவை எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியாது.

அப்படியென்றால் நல்ல கை வரும்வரை காத்திருந்தால் போதுமே என்று நினைக்கலாம். அதற்கு விடமாட்டார்கள். மேசையைச் சுற்றி முறை வரும்போது இருவர் காட்ஸைப் பார்க்க முன்னரே கட்டாயமாக ஒரு தொகை வைக்க வேண்டும். தொடக்கத்தில் அது 100, 200. ஒவ்வொரு கட்டத்திலும் அது ஏறும். ஒன்றுமே செய்யாமல் அமர்ந்திருப்பவருடைய வில்லைகள் தாமாகவே கரைந்துகொண்டிருக்கும். காத்திருப்பதற்கும் செலவு உண்டு என்பதை எமது வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

காட் பிரிப்பவர் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுவார். பக்கத்தில் இருந்து பகலெல்லாம் பேரப்பிள்ளையின் கதை சொன்னவர் ஒரே கையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து போவார். ஐந்து நிமிடத்தில் இன்னொருவர் அந்தக் கதிரையில் இருப்பார். நாள் முடிவில் மிஞ்சியவர்கள் தம் வில்லைகளைத் தாமே எண்ணி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயரும் தொகையும் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்த நாளுக்கு அதே தொகை காத்திருக்கும். இப்படியே ஏறத்தாழ இரண்டு வாரம்.

இதில் பெண்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இடைவேளையில் ஆண்களின் கழிப்பறை வாசலில் நீண்ட வரிசை நிற்க, பெண்களுடையது வெறுமையாகக் கிடக்கும் என்று ஆடும் பெண்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உலகத்தில் வேறெங்கும் காணமுடியாத காட்சி அது.

ஏன் வரவில்லை

சட்டம் தடுக்கவில்லை. பலமும் தேவையில்லை, உயரமும் தேவையில்லை. கணக்கும் பொறுமையும் ஆளை அறியும் கண்ணும் போதும். இவை பெண்களிடம் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இரண்டு வாரம் வீட்டை விட்டுப் போக யாருக்கு முடியும்? பிள்ளையை யார் பார்ப்பது? இழந்தாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிவைக்கத் தன் பெயரில் பணம் யாரிடம் இருக்கிறது? ஒரு ஆண் தோற்றுவிட்டு வந்தால் துரதிர்ஷ்டம் என்பார்கள். பெண் தோற்றால் அவளுக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். சமூகவியல் படிக்காவிட்டாலும் இந்தப் பட்டியலை எம்மில் எவராலும் எழுத முடியும்.

2000ஆம் ஆண்டில் அனி டியூக் என்பவர் பிரசவம் நெருங்கிய வயிற்றோடு இந்தப் போட்டியை ஆடிப் பத்தாவது இடம்வரை வந்தார். இறுதி மேசைக்கு ஒரு கதிரை குறைவு. 2012இல் பிரான்ஸைச் சேர்ந்த கேல் போமன் அதே பத்தாம் இடத்தில் வெளியேறினார். அதற்குச் சற்று முன்னர்தான் நோர்வே நாட்டு எலிசபெத் ஹில்லே பதினோராவதாக வெளியேறியிருந்தார்.

பெண்களுக்கென்று தனிப் போட்டியும் 1977 முதல் நடக்கிறது. அதிலும் ஒரு கூத்து உண்டு. லாஸ் வேகாஸ் அமைந்துள்ள நெவாடா மாநிலத்தில் பால் அடிப்படையில் எவரையும் தடுக்கக் கூடாது என்று சட்டம். அதைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் சிலர் பெண்களின் போட்டியிலும் வந்து அமர்ந்தார்கள். 2013இல் ஏற்பாட்டாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தனர். கட்டணத்தைப் பத்தாயிரம் டொலர் ஆக்கினார்கள். பெண்களுக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்து ஆயிரம் ஆக்கினார்கள். சட்டமும் மீறப்படவில்லை, ஆண்களின் ஆசையும் அடங்கிற்று. எமது மாதர் சங்கக் கணக்குகளோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இந்த மூளை பிடிக்கும் என்று நினைக்கிறேன். 2024இலும் 2025இலும் அந்தப் போட்டியில் அடுத்தடுத்து வென்றவர் ஜப்பானைச் சேர்ந்த ஷீனா ஒகமோட்டோ.

இரண்டு எட்டு

இனி 1995க்கு வருகிறேன். அந்த வருடம் இறுதி மேசையில் அமர்ந்தவர் பார்பரா என்ரைட். சிகை அலங்காரத் தொழில் செய்தவர். நாலு வயதில் அண்ணனோடு வீட்டில் காட்ஸ் ஆடத் தொடங்கி, 1976 முதல் கலிபோர்னியாவின் காட்ஸ் கழகங்களில் ஆடியவர். 1995இன் பிரதான போட்டியில் 273 பேர். அதில் ஐந்து பேர் மிஞ்சும்வரை என்ரைட் இருந்தார்.

அவருக்கு இரண்டு எட்டு வந்தது. கையிலேயே ஒரு சோடி. தன் வில்லைகள் முழுவதையும் மேசையில் தள்ளினார். எதிரே பிரென்ட் காட்டர் என்ற ஆட்டக்காரர். அவருடைய கையில் இருந்தது ஆறும் மூன்றும். பெரும்பாலானோர் பார்த்ததும் வீசிவிடும் கை அது. அவர் வீசவில்லை. இந்த நிலையில் ஐந்து தடவை ஆடினால் ஏறத்தாழ நான்கு தடவை எட்டுச் சோடி வெல்லும். அன்று மேசையில் ஆறும் வந்தது, மூன்றும் வந்தது. காட்டருக்கு இரு சோடி. என்ரைட் ஐந்தாம் இடத்தில் எழுந்து போனார். முதலிடம் டான் ஹரிங்டன் என்பவருக்குப் போனது. பத்து இலட்சம் டொலர்.

என்ரைட் செய்தது சரியா, பிழையா?

தோற்றுவிட்டார், ஆகவே பிழை என்று சொல்லவே எமக்கு முதலில் வாய் வரும். ஆட்டக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தவற்றை வைத்துப் பார்த்தால் அது சரியான தீர்மானம். விளைவு அவர் கையில் இல்லை. ஆறையும் மூன்றையும் வைத்து வென்றவர் பிழையான தீர்மானம் எடுத்து நல்ல விளைவைப் பெற்றார் என்றுதான் அவர்கள் பேசுவார்கள். முடிவு கெட்டதாக வந்தபடியால் தீர்மானமும் கெட்டது என்று பின்னோக்கித் தீர்ப்புச் சொல்வதையே இந்த ஆட்டத்தின் முதல் தவறாக அனி டியூக் 2018இல் வெளியிட்ட தன் நூலில் எழுதியிருக்கிறார். அவர் உளவியல் படித்தவர்.

இன்னொரு பெண்ணும் இதையே வேறு வழியால் வந்தடைந்தார். மரியா கொனிக்கோவா, மொஸ்கோவில் பிறந்து நான்கு வயதில் அமெரிக்காவுக்குப் போனவர், உளவியல் கலாநிதி. ஒரு காலப்பகுதியில் அவர் வீட்டில் அடிமேல் அடி விழுந்தது. அவருக்குக் காரணம் தெரியாத நோய். வீட்டில் வேலை இழப்பு. நலமாக இருந்த அம்மம்மா இரவில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டார். வாழ்க்கையில் எவ்வளவு எம் கையில், எவ்வளவு எம் கையில் இல்லை என்ற கேள்வியோடுதான் அவர் போக்கர் படிக்கப் போனார். ஒரு கட்டில் எத்தனை காட் என்பதுகூடத் தெரியாமல் தொடங்கியவர், 2018 ஜனவரியில் பஹாமாஸ் தீவில் நடந்த ஒரு சுற்றுப்போட்டியில் முதலிடம் பெற்று 84,600 டொலர் வென்றார். 2020இல் அதைப் புத்தகமாக எழுதினார்.

அதில் என்னைத் தொட்ட இரண்டு இடங்கள் உள்ளன. முதலாவது, மேசையில் ஆண்கள் பந்தயத்தைக் கூட்டும்போதெல்லாம் தான் நல்ல கையையும் விட்டுவிடுவதைக் கவனித்து, அது கணக்கால் அல்ல, சண்டைக்காரி என்று பெயர் வாங்காமல் இருக்கச் சிறுவயது முதல் பழகியதால் என்று கண்டுகொண்டமை. இரண்டாவது, அவருக்கு ஆட்டம் பழக்கிய எரிக் சைடல் என்பவர், துரதிர்ஷ்டத்தால் தோற்ற கதைகளைக் காதுகொடுத்துக் கேட்க மறுத்தமை. என்ன நடந்தது என்பது அவருக்குத் தேவையில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்பதற்கு மட்டும் பதில் சொல் என்பார்.

இந்த இரண்டாவதில் எனக்கு முழு உடன்பாடில்லை. எமது குழுக்களில் நாம் செய்வதே கதை கேட்பதுதான். ஒரே கதையைப் பத்தாம் தடவை சொல்பவரையும் நிறுத்தக் கூடாது என்றுதான் எமக்குப் பயிற்றுவிக்கப்பட்டது. அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கேட்டுக் கேட்டு ஒரு விடயத்தைக் கவனித்திருக்கிறேன். இழப்பின் கதை எங்கே முடியவேண்டுமோ அங்கே முடிவதில்லை. "நான்தான்" என்ற சொல்லில் போய் நிற்கிறது. 2009இன் தொடக்க மாதங்களில் வன்னியில் ஒரு தாய் மூத்த மகனைக் கஞ்சி வாங்கி வர அனுப்பினார். சின்னதுகள் இரண்டும் பசியில். பங்கருக்குள் இருந்தவர்களுக்கும் செல் விழுந்த காலம் அது. கஞ்சி வரிசையிலும் விழுந்தது. ஊரையும் பெயரையும் எழுதப் போவதில்லை. இத்தனை வருடத்துக்குப் பின்னும் அவர் சொல்வது ஒரே வசனம்: "நான் அனுப்பினபடியால்தானே."

அந்தத் தாய்க்கு நான் போக்கரைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. காட்ஸில் எத்தனை ஆசு மிச்சம் என்று எண்ணலாம், ஐந்தில் நான்கு என்று கணக்குப் பார்க்கலாம். அங்கே எதை எண்ணுவது? அத்துடன் செல் தானாக வந்து விழும் காட் அல்ல, மனிதர் ஏவியது. அதை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதினால் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்களை விடுவித்ததாகிவிடும். ஆனால் பசித்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுக்க ஒரு பிள்ளையை அனுப்பியது பிழையான தீர்மானமா என்று கேட்டால், எந்தத் தாயும் அதையே செய்திருப்பாள் என்பதுதான் என் பதில். தீர்மானத்தையும் விளைவையும் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை நான் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. சூதாட்ட மண்டபத்தில் இருந்து அதை எடுக்கவேண்டி வந்தது எனக்கே கொஞ்சம் வெட்கம்தான்.

லியோ மார்கெட்ஸ் 2009இலும் இதே போட்டியில் 27ஆம் இடம்வரை வந்து, அவ்வருடம் கடைசியாக எஞ்சிய பெண்ணாக வெளியேறியவர். 2021இல் வேறொரு பிரிவில் வென்று உலகத் தொடரின் தங்கக் காப்பைப் பெற்றார். 2025இல் இறுதி மேசையில் ஏழாவதாக எழுந்தார்; பதினைந்து இலட்சம் டொலர் பரிசு. முதலிடம் பெற்றவர் அமெரிக்கரான மைக்கேல் மிஸ்ராச்சி, ஒரு கோடி டொலர். 2009க்கும் 2025க்கும் இடையில் அவர் எத்தனை போட்டிகளில் வெறுங்கையோடு எழுந்து போயிருப்பார் என்பதைத்தான் நான் யோசித்தேன்.

சென்ற மாரியில் ஒரு நாள் பொதுநோக்கு மண்டபத்தில் மாதாந்தச் சந்திப்பு முடிந்தும் மழை விடவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் போக வழியில்லாமல் இருந்தோம். யன்னல் விளிம்பில் யாரோ விட்டுப்போன காட் கட்டு ஒன்று கிடந்தது. வயதான ஓர் அம்மா அதை எடுத்து 304க்கு வேண்டியவற்றைப் பிரித்து ஒதுக்கிய வேகத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். "அந்த மனுசனுக்குப் பின்னாலை நிண்டு பாத்துப் பழகினதுதான், பிள்ளை. ஒருநாளும் இருந்து விளையாடினதில்லை" என்றார்.

பேச்சு வாக்கில் என்ரைட்டின் கதையைச் சொன்னேன். அவர் ஒதுக்கிய காட்ஸில் இருந்து இரண்டு எட்டை எடுத்து ஒரு பக்கம் வைத்தேன். கட்டில் மிச்சம் கிடந்த ஆறையும் மூன்றையும் மறுபக்கம் வைத்துக் காட்டினேன். ஒருவர், எட்டை நம்பி ஏன் எல்லாவற்றையும் வைத்தவ என்றார். வைக்காமல் விட்டால் கட்டாயக் காசிலேயே கரைந்துபோயிருப்பாவே என்று இன்னொருவர் மறுத்தார். 304 அம்மா இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அவவிலை பிழையில்லை. அந்தாள்தான் விசரன்" என்று தீர்ப்புச் சொன்னார். விசரன் வென்றுவிட்டானே என்றேன். "அதுக்கென்ன செய்யிறது, வெண்டிட்டான்" என்றார்.

மூலையில் அதுவரை பேசாமல் இருந்த ஒருவர் கேட்டார்: "அந்த மனுசி அடுத்த முறையும் போனவவோ?"

போனா, என்றேன். 1996இல் அதே உலகத் தொடரில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடிய ஒரு போட்டியில் முதலாவதாக வந்தா.

மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருந்தது. அந்த அம்மா எல்லாக் காட்ஸையும் கூட்டி அடுக்கி, அவர் பக்கம் தள்ளி வைத்து, "வெட்டுங்கோ" என்றார்.